அவசரக்குடுக்கைகளுக்கு

மார்ச் நடுவில் என்றுதானே பேச்சு.
செம்மூக்குக் கடற்பறவைகள் தீவுக்குத் திரும்பும் வாரம்.
அதற்குள் தொட்டிலுக்கு இரண்டாம் பூச்சும் காய்ந்திருக்கும்,
உங்கள் அம்மா தேர்ந்தெடுத்த பச்சை.
ஜனவரி மூன்றாம் தேதியே கதவைத் தட்டினால்
நான் என்ன செய்வேன், அவசரக்குடுக்கைகளே?

மர்யுனை ஹெலிகாப்டர் ஏற்றிக்கொண்டு போனது.
இன்னொருவருக்கு இடமில்லை என்றார் விமானி,
மன்னிப்புக் கேட்கிற குரலில்.
கால்பந்துத் திடலில் நின்றேன்
அவளுடைய இடது செருப்போடு.

கப்பல் நாளைக்கு. காற்று விட்டால்.

வாகுரிலிருந்து பார்த்தால் தோர்ஸ்ஹவ்ன் தெரியாது.
தெரிந்தாலும் என்ன.

வீட்டில் எவ்வளவோ வேலை இருந்தது,
ஒன்றும் இல்லாமலும் இருந்தது.
துணிகளைத் துவைத்தேன். எல்லாம் பெரிது.
கைநுழையும் ஓட்டையில் உங்கள் தலையே நுழையும்.
தங்கை சுன்வா ஒரே மதியத்தில் பின்னி
இரண்டு கம்பளித் தொப்பி கொடுத்தனுப்பினாள்:
"ஆரஞ்சுப் பழத்தில் அளவெடுத்தேன், கோபிக்காதே."
கோபிக்கவில்லை.
கூடையிலிருந்த ஆரஞ்சுகளுக்கு மாட்டிப் பார்த்தேன்.
ஒன்று பொருந்தியது.
மற்றது கண்வரைக்கும் இறங்கியது,
ஆரஞ்சுக்குக் கண் ஏது என்று தோன்றுமுன்பே
மேலே இழுத்துவிட்டேன்.

பிறகு செவிலி அழைத்தாள்.
ஒருவர் ஆயிரத்து அறுபது கிராம்,
ஒருவர் தொள்ளாயிரத்து நாற்பது,
திரையில் பார்த்த கணக்கு, முன்பின் இருக்கலாம்.
இருவருக்கும் ஒரே நஞ்சுக்கொடி;
ஒருவர் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்கிறார்.
ஊசி போட்டிருக்கிறோம், நுரையீரலுக்கு.
இரண்டு நாள் கிடைத்தால் நல்லது.
வந்த பிறகு உங்கள் வெறும் மார்பில் கிடத்துவோம்,
மணிக்கணக்கில்.
அசையாமல் உட்காரப் பழகிக்கொள்ளுங்கள்.

அசையாமலா!
நான் மீன்பண்ணைக்காரன்.
சால்மன் குஞ்சை உள்ளங்கையில் ஏந்தியே எடை சொல்வேன்,
ஐந்து கிராம் கூட்டியோ குறைத்தோ.
ஆனால் பள்ளியிலும் தேவாலயத்திலும்
பெஞ்சைத் தேய்த்தவன் என்றுதான் பெயர்.
எங்கள் கல்யாணத்தில்கூட பாதிரியார்
ஒருமுறை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

அலமாரியில் மாவுப் பொட்டலம் இரண்டு இருந்தது.
கிலோ, கிலோ.
தராசை எடுத்தேன்.
ஒன்றைப் பிரித்து அறுபது கிராம் அள்ளி
மற்றதில் போட்டேன்.
கணக்கு சரியாக வந்தது, நீங்கள் இருவரும் வந்தீர்கள்.
கை மட்டும் கூசியது.
கரண்டியைக் கழுவினேன், பிறகு மறுபடி கழுவினேன்.

பெரியவரே, உம்மைக் குற்றம் சொல்லவில்லை.
இருட்டில் யார் தட்டு யாருடையது என்று
யாருக்குத் தெரியும்.
கொஞ்சம் தள்ளிப் படும், அவ்வளவுதான்.
சின்னவரே, நீர் விட்டுக்கொடுத்தது போதும்.

சட்டையைக் கழற்றினேன். ஸ்வெட்டரை மட்டும் போட்டு
உள்ளே ஆளுக்கொரு பக்கம் வைத்தேன்.
சன்னலோரம் உட்கார்ந்தேன்.
பொட்டலத் தாள் முதலில் குளிர்ந்தது.
மூக்கு அரித்தது, சொரியவில்லை.
கால் மரத்தது.
வெளியே யாருடைய தகரமோ
ராத்திரி முழுக்க அடித்துக்கொள்ளப் போகிற மாதிரி
அடித்துக்கொண்டது.
இரண்டு நாள், என்றேன்.
இரண்டே நாள் அங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள்.
சொல்லும்போது மார்பு எழும்பி இறங்கியது,
நீங்களும் எழும்பி இறங்கினீர்கள்.

டும்மாஸ் தட்டாமல் உள்ளே வந்தான்,
கப்பலில் கயிறு வீசுகிறவன்.
"காற்று விழுந்துவிட்டது. ஐந்தரைக்கு எடுக்கிறோம்,
மூட்டையைக் கட்டு" என்றவன்
என் ஸ்வெட்டரைப் பார்த்தான்.
கழுத்துப் பக்கம் ஒரு பொட்டலம்
எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது,
கோதுமைக் கதிர்ப் படத்தோடு.

ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான் என்று இருந்தேன்.
அவன் பூட்ஸைக் கழற்றி வாசலில் வைத்தான்,
சத்தம் வராமல்.
"இதில் மூத்தது யார்?" என்றான்.

தெரியவில்லை என்று சொல்லிவிட்டுக்
கடிகாரம் பார்த்தேன்.
நாற்பது நிமிடம்.
மாவு சூடேறியிருந்தது.